சம்பா டப்பா

கார்குழலி அரிசி வியாபாரம் ஆரம்பிக்கப் போகிறாள் என்ற செய்தி, காலடிப்பேட்டை மார்க்கெட் வரைக்கும் போய், அங்கே நாலு கடை ஏறி இறங்கி, மறுபடியும் அவள் வீட்டு மாடிப்படிக்கே வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவள் கீரைக்காரி.

"சம்பா போடறியாமே குழலி. கிலோ இன்னா ரேட்டு?"

செய்தியைக் கிளப்பிவிட்டது மாமியார் பூவம்மாதான். அவள்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. நாலு நாளாக மத்தியானச் சாப்பாடு முடிந்து, குழந்தை தூளியில் கண் அசந்ததும், மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு "சம்பா ஏறிடுச்சு", "ஐயோ, சம்பா நின்னுபோச்சு", "இந்த சம்பா ஏன்தான் இப்டி படுத்துதோ" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால் கேட்கிறவள் வேறு என்னவென்று நினைப்பாள்?

"அது அரிசி இல்ல அத்த. சாஃப்ட்வேரு. அதோட பேரு சம்பா."

"பேரு வெக்கறதுக்கு அவங்களுக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலியா? பொன்னின்னு வெச்சிருந்தா நானே வாங்கியிருப்பேன்."

மாடியில் வீடு, கீழே சுப்பராயனின் ஸ்டுடியோ. நடுவில் முப்பத்தாறு படி. கதை முழுக்க அந்தப் படியில்தான் இருக்கிறது.

கல்யாணமாகி வந்த நாள் முதல் ஸ்டுடியோவின் ஆல்பம் வேலை கார்குழலியுடையது. கணவன் அன்பரசன் படம் பிடிப்பான், மாமனார் சுப்பராயன் கடையைப் பார்ப்பார், அவள் ஆல்பத்தின் பக்கங்களைக் கோப்பாள். விம்கோ நகரிலிருந்து தேடிக்கொண்டு வருவார்கள். "அந்த மருமவப் பொண்ணுதானே செய்யும்?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் முன்பணமே எடுப்பார்கள்.

மகிழினி பிறந்ததும் அவளால் கடையில் உட்கார முடியவில்லை. சரி, ஒரு கம்ப்யூட்டரை மாடிக்கு ஏற்றிவிடலாம் என்று ஏற்றினார்கள். கம்ப்யூட்டர் ஏறியது, படங்கள் ஏறவில்லை. அவை கீழே கடைக் கம்ப்யூட்டரில் அல்லவா கிடந்தன. பென்டிரைவில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு அன்பரசன் ஒரு நாளைக்கு இருபது தடவை படியேறினான். பதினைந்தாவது தடவையில் எந்தப் படம் மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். கடைசியில் ஒரு சீமந்தத்தின் படங்கள் மொத்தமும் அவன் சட்டைப்பையோடு போய், பூவம்மாவின் சோப்புத் தண்ணீரில் ஊறி, கொடியில் காய்ந்தன.

அந்த வீட்டுக்காரர்களிடம் சுப்பராயன் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டார். திரும்பி வந்து மருமகளை உட்கார வைத்துச் சொன்னார்.

"ஆடி மாசம் முகூர்த்தம் இல்ல. அதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணு. ஆவணில மொத வேலை வரும்போதும் இதே பேஜாருன்னா, ஆல்பத்த தண்டையார்பேட்டை வெள்ளத்துரைகிட்ட வெளிய குடுத்துடறேன். நீ நிம்மதியா பாப்பாவ பாத்துக்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் கார்குழலி பதில் பேசியிருப்பாள். அவர் பிரியமாகச் சொன்னார். அதுதான் சுருக்கென்றது. வெளியே போன வேலை திரும்பி வந்ததாக அந்தத் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

பர்மா பஜாரில் அந்த டப்பாவைக் கண்டெடுத்தது அன்பரசன். யாரோ கப்பல்காரன் விற்றுவிட்டுப் போனது. இரண்டு சோப்பு டப்பாவை ஒட்ட வைத்த அளவு. பின்னால் நெட்வொர்க் கேபிளுக்கு ஓர் ஓட்டை, ஹார்ட் டிஸ்க் மாட்ட இரண்டு ஓட்டை. ஒரு ஹார்ட் டிஸ்கை அதில் மாட்டி வைத்துவிட்டால் கீழிருந்தும் மேலிருந்தும் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே இடத்தில் படத்தைப் போடலாம், எடுக்கலாம். யாரும் படியேற வேண்டாம். ஆனால் கப்பல்காரன் உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு விற்றிருந்தான். விளக்கு எரிந்தது, அவ்வளவுதான்.

"வெறும் டப்பா" என்றார் சுப்பராயன்.

"வெறும் டப்பான்னா தோதா போச்சு மாமா. நமக்கு வேண்டியத நாமளே போட்டுக்கலாம்" என்றாள் கார்குழலி.

பிரவுசிங் சென்டருக்குப் போய் முப்பத்திரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்தாள். முதலில் டப்பாவுக்கு உயிர் கொடுக்கும் மென்பொருள், அதற்கு மேல் படங்களைப் பகிரும் சம்பா. கறுப்புத் திரையில் ஒரு வரி அடிப்பாள், டப்பா ஒரு வரி பதில் சொல்லும். பாதி நேரம் முடியாது என்றுதான் சொல்லும். ஒரு மத்தியானத்துக்கு ஒரு பக்கம். மகிழினி விழித்துக்கொண்டால் அன்றைய பாடம் முடிந்தது.

ஒரு வாரத்துக்குப் பிறகு மேல் கம்ப்யூட்டரில் டப்பாவின் பெயர் தெரிந்தது. அவளே வைத்த பெயர்: வூடு. கீழ்க் கம்ப்யூட்டரில் தெரியவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின், சம்பாவின் அமைப்புக் கோப்பில் எழுதியிருந்த குழுப் பெயரும் கடைக் கம்ப்யூட்டரில் இருந்த குழுப் பெயரும் வேறு வேறு என்று கண்டுபிடித்தாள். மாற்றினாள். தெரிந்தது. மறுநாள் காலை மறுபடி காணோம்.

இந்தத் தடவை தப்பு கோப்பில் இல்லை. மாடி ஜன்னலிலிருந்து கடைக்கு இறங்கிய நீலக் கேபிளில் மூன்று புடவை, ஒரு போர்வை, மகிழினியின் துணிகள் எல்லாம் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"இன்னா அத்த இது?"

"நல்லா கெட்டியா கீதுடி. உப்புக் காத்துல துருவும் புடிக்கல. எனக்குன்னுதான் கட்டுனியோன்னு நெனச்சேன்."

போர்வையின் பாரத்தில் கேபிளின் முனை பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. அன்பரசன் கேபிளைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்தான். பூவம்மாவுக்கு அது கடைசிவரை வருத்தம்தான்.

"அந்த டப்பா அப்டி இன்னாதான் செய்யும்?" என்று கேட்டாள் அவள் ஒரு நாள், குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டே.

"அது ஒரு சர்வர் அத்த. யாரு எந்த படம் கேட்டாலும் உள்ள போயி எடுத்தாந்து குடுக்கும்."

"ஓட்டல் சர்வர் மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அப்டின்னா போய் உக்காந்ததும் மொதல்ல இன்னான்னு கேப்பானே. அத கேக்குமா?"

கார்குழலி சிரித்தாள். சரியாக அந்த நேரத்தில் திரையில் டப்பா ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு நின்றது. கண்ட ஆளும் உள்ளே வராமல் இருக்க ஒரு பாஸ்வேர்டு கொடு என்றது. இந்த வீட்டில் யாரும் மறக்க முடியாத வார்த்தையாக இருக்க வேண்டும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு நூறு தடவை இந்த வீட்டில் புழங்கும் வார்த்தை ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் அடித்தாள்: இன்னா.

டப்பா ஏற்றுக்கொண்டது.

ஆடி முடிவதற்கு மூன்று நாள் இருக்கும்போது கடைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு படத்தைப் போட்டு, மாடியில் அது வந்து நின்றதைக் காட்டினாள். சுப்பராயன் முப்பத்தாறு படி ஏறி வந்து பார்த்தார். இறங்கிப் போய் இன்னொரு படத்தைத் தானே போட்டார். மறுபடி ஏறி வந்து பார்த்தார்.

"சரிதான். வேலைன்னு வரும்போது பாக்கலாம்" என்றார்.

வேலை வந்தது. ராயபுரத்தில் மீன் வலைக் கடை வைத்திருக்கும் கமால் பாய் தன் மகள் சைமாவின் நிக்காஹ் படங்களுக்குச் சொல்ல வந்தார். மாப்பிள்ளை சுஃபியான் கப்பலில் வேலை செய்பவன். திடீரென்று அழைப்பு வந்துவிட்டதால் நிக்காஹை புதன்கிழமையே வைத்துவிட்டார்கள். வியாழன் விடிகாலையில் அவனுக்கு விமானம்.

"ஆறு மாசம் தண்ணில கெடப்பான் நைனா. கையில ஒரு சின்ன ஆல்பம் குடுத்து அனுப்பணும்னு எம்பொண்ணு கேக்குது. பன்னெண்டு பக்கம் போதும். புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஆவுமா?"

சுப்பராயன் மருமகளைப் பார்த்தார். "ஆவும் பாய்" என்றாள் அவள். கலர் லேபில் மூன்று மணிக்குள் பக்கங்களைக் கொடுத்தால் ஐந்து மணிக்கு அச்சாகிவிடும். அதற்குள் முடித்துவிடலாம்.

புதன்கிழமை என்பது தடுப்பூசி நாள் என்று அவளுக்கு அப்போது நினைவில்லை.

மகிழினிக்கு ஒன்பதாம் மாத ஊசி. தள்ளிப்போட மனம் வரவில்லை. காலை ஒன்பது மணிக்கே மாமியாரையும் கூட்டிக்கொண்டு நெடுஞ்சாலையோரத்துச் சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டாள். அவளுக்கு முன்னால் நாற்பது குழந்தைகள், அத்தனைக்கும் அழுகை. பதினொன்றரைக்கு இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். அப்போது செல்போன் அடித்தது. சுப்பராயன்.

"அன்பு கேமரா கார்ட குடுத்துட்டு விருந்து எடுக்க திரும்பி மண்டபத்துக்குப் போய்ட்டான். முந்நூத்திப் பத்து படம். கடை கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன்."

"அப்டியே டப்பால போட்டுடுங்க மாமா. அது ஏற அரை மணி நேரமாவது ஆவும். நான் வந்ததும் மாடிக்குப் போய் ஆரம்பிச்சுடுவேன்."

"அங்கதான் தகராறு. காலைல கரண்டு போய் வந்துச்சு. அதுவரைக்கும் தானா தொறந்துச்சு. இப்ப வூடுன்னு கீதே, அத தொறந்தா பாஸ்வேர்டு கேக்குது. பாஸ்வேர்டு இன்னா?"

"இன்னா."

"பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு. அது இன்னா?"

"அதான் மாமா, இன்னா."

இந்தப் பக்கம் எண்ணூரை நோக்கிப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. அந்தப் பக்கம் சுப்பராயனின் மூச்சு பலமாகக் கேட்டது.

"நான் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு சொல்லணும். திருப்பி என்னையே இன்னான்னு கேட்டா? மாமனாருன்னு ஒரு மரியாதை வேணாமா? இத்தன வருஷத்துல நீ என்னை இன்னான்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல."

"ஐயோ மாமா, நான் உங்கள கேக்கல."

"பின்ன யார கேக்கற?"

"யாரையும் கேக்கல. பாஸ்வேர்டே இன்னாதான்."

லாரி ஒன்று காது கிழிய அலறிவிட்டுப் போனது. வரிசையில் முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, "இன்னாவாம்?" என்றாள்.

"ஆமா" என்று வாய் தவறி அவளுக்கும் பதில் சொன்னாள் கார்குழலி.

சுப்பராயன் சொன்னார்: "எனக்கு இந்த வெளையாட்டெல்லாம் தெரியாது. மணி பன்னெண்டாவப் போவுது. கமால் பாய்க்கு வாக்கு குடுத்துக்கீறேன். வெள்ளத்துரைக்கு போன் போட்டா பத்து நிமிஷத்துல ஆள அனுப்பி கார்ட வாங்கிக்குவான்."

கார்டு ஒரு தடவை தண்டையார்பேட்டைக்குப் போனால் அதோடு ஆல்பமும் போச்சு, கார்குழலியின் பேரும் போச்சு. ஆடி மாசம் முழுக்க உட்கார்ந்து கட்டியதெல்லாம் ஒரு வார்த்தையில் நின்றது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"மாமா, கேள்வின்னு நெனைக்காதீங்க. இன்னாங்கிறது ஒரு வார்த்தை. அந்த வார்த்தையத்தான் பாஸ்வேர்டா வெச்சிருக்கேன். இங்கிலீஷ் எழுத்துல அடிங்க."

அவர் குரல் இறங்கி வந்தது. "அடடே. அப்டி சொல்லு. இரு."

டக், டக் என்று ஒற்றை விரல் ஒலிகள். நாலு எழுத்து.

"தப்புன்னு சொல்லுது."

"இன்னா அடிச்சீங்க?"

"என்ன."

"இன்னா அடிச்சீங்கன்னு கேக்கறேன் மாமா."

"அதான் சொல்றேனே. என்ன. ஈ, என், என், ஏ. என்ன."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சுப்பராயன் பேசும்போது காலடிப்பேட்டைக்காரர். பேனாவைக் கையில் எடுத்துவிட்டால் வேறு ஆள். கல்யாண பேனர்களில் ஒற்றுப்பிழை பார்ப்பவர். ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு வாழ்த்துச் செய்யுள் எழுதுகிறவர். எழுத்து என்று வந்துவிட்டால் அவர் கை 'இன்னா' என்று எழுதாது. கம்ப்யூட்டரின் பெட்டியில்கூட எழுதாது.

"மாமா, எழுதறாப்ல இல்ல. பேசறாப்ல அடிங்க."

"எழுத்துல எப்டிம்மா பேசறாப்ல வரும்? படிச்ச பொண்ணு நீ. கலீஜா ஒரு வார்த்தைய போயி யாராவது எழுத்துல வெப்பாங்களா?"

இவ்வளவு நேரமும் பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த பூவம்மா, குழந்தையை மருமகள் கையில் கொடுத்துவிட்டுப் போனைப் பிடுங்கினாள்.

"யோவ். வூட்ல நீ என்னை பூவுன்னு கூப்ட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

அந்தப் பக்கம் சுப்பராயன் செருமினார்.

"சொல்லுய்யா. முப்பத்தோரு வருசமா கூப்புடறியே. நான் இன்னா சொல்லுவேன்?"

"இன்னான்னுவ."

"அதையே அடி."

வரிசையில் சிரிப்பு கிளம்பிவிட்டது. ஊசி போடும் நர்ஸம்மாவே எட்டிப் பார்த்தார். கார்குழலி குனிந்து மாமியார் கையிலிருந்த போனில், "இட்லிக்குப் போடற ஐ மாமா, எலிக்குப் போடற ஈ இல்ல" என்று கத்தினாள். இட்லி ஐ, நண்டுக்கு ஒரு என், இன்னொரு நண்டுக்கு ஒரு என், அப்பளத்துக்கு ஏ. ஒவ்வொரு எழுத்துக்கும் வரிசையே சேர்ந்து சத்தம் கொடுத்தது.

டக். டக். டக். டக்.

"தொறந்துடுச்சு" என்றார் சுப்பராயன்.

சுகாதார நிலையத்தில் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமலே தட்டியவர்கள்தான் அதிகம். மகிழினி மட்டும் அந்த ஆரவாரத்தில் தன்னை மறந்து, ஊசி இறங்கி முடிந்த பிறகுதான் நினைவு வந்து அழுதாள்.

பன்னிரண்டரைக்குக் கார்குழலி மாடியில் உட்கார்ந்தபோது முந்நூற்றுப் பத்துப் படங்களும் அவளுக்காகக் காத்திருந்தன. சர்வர் பரிமாறி வைத்த இலை மாதிரி இருந்தது. மருதாணிக் கையால் முகத்தை மூடிக்கொண்டு விரலிடுக்கில் சிரிக்கும் சைமா. முகத்தை மறைத்த சேராப் பூச்சரத்தை விலக்கிவிட்டு யாரையோ தேடும் சுஃபியான். அந்த இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்தாள். புரட்டினால் அவன் தேடுவது இவளைத்தான் என்று தெரியும். குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டாள். முடிந்த பக்கத்தை இவள் மேலிருந்து டப்பாவில் போடப் போட, கீழே சுப்பராயன் திறந்து பார்த்துப் பெயர்களில் பிழை பார்த்தார். யாரும் ஒரு படிகூட ஏறவில்லை. இரண்டே முக்காலுக்குப் பன்னிரண்டு பக்கமும் கலர் லேபில் இருந்தது.

நடுவில் ஒரு தடவை கடைப் போன் அடித்தது. வெள்ளத்துரை.

"அண்ணே, ஆவணி பொறந்துடுச்சே. ஆல்பம் வேலை ஏதோ குடுத்து அனுப்பறேன்னீங்களே?"

"இன்னாத்துக்கு?" என்றார் சுப்பராயன். "எங்க வூட்டு சர்வர் நல்லா பரிமாறிக்கினு கீறான்பா."

ஐந்தரைக்கு சுஃபியானே மாமனாரோடு வந்தான். கல்யாணச் சட்டைகூட மாற்றவில்லை. ஆல்பத்தைப் புரட்டியவன் சைமா விரலிடுக்கில் சிரிக்கும் ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டான். நின்றது நின்றபடியே நின்றான்.

"மாப்ள, மத்த பக்கமும் கீது" என்றார் கமால் பாய்.

"இருங்க மாமு. இதுவே ஆறு மாசத்துக்குத் தாங்கும்."

கடைசிப் பக்கத்தை அவன் திருப்பியபோது கார்குழலியும் எட்டிப் பார்த்தாள். அங்கே எப்போதும் ஸ்டுடியோ முத்திரை மட்டும்தான் இருக்கும். இன்று அதற்குக் கீழே, அச்சுக்குப் போகும் முன் கீழ்க் கம்ப்யூட்டரிலிருந்து யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள். 'ஆல்ப வடிவமைப்பு: கார்குழலி.' ஒற்றுப்பிழை இல்லை.

அவள் மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மும்முரமாக ஓர் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். கறுப்பு மையில், பேனருக்கு எழுதும் அதே முத்து முத்தான எழுத்தில் 'கடவுச்சொல்: இன்னா' என்று எழுதி, கொஞ்ச நேரம் அதையே சங்கடமாகப் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் கீழே சின்னதாக '“என்ன” அன்று' என்றும் சேர்த்தார். கம்ப்யூட்டருக்கு மேலே ஆணியில் மாட்டினார்.

"மாமா, பாஸ்வேர்ட இப்டி செவுத்துல எழுதி வெக்கக்கூடாது. வர்றவன் போறவன்லாம் படிப்பான்."

"படிக்கட்டுமே" என்றார் சுப்பராயன். "படிச்சுட்டு இன்னா பண்ணுவான்? 'கடவுச்சொல் இன்னா'ன்னு நாமளே அவன கேக்கறோம்னு நெனச்சு, எனக்குத் தெரியாதுப்பான்னு சொல்லிட்டுப் போவான்."

கமால் பாய் அட்டையை அண்ணாந்து படித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"எனக்கு இன்னா நைனா தெரியும்" என்றார்.